மல்லாரிக்குத் தூங்கியவள்

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து என் அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு கலை அரங்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை, அதன்மேல் அந்த மாதக் கச்சேரிகளையும் சொற்பொழிவுகளையும் அச்சடித்த மடிப்புத்தாள்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாதம் பிறந்ததும் நான் இரண்டு எடுப்பேன். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் என்னை முறைப்பார். வருஷக்கணக்கில் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாளே, ஒரு நாளாவது உள்ளே வந்து கச்சேரி கேட்டிருக்கிறாளா இந்த அம்மா என்று அவருக்குக் கடுப்பு. அவர்மேல் தப்பில்லை.

ஒரு தாள் எனக்கு. இன்னொன்று பல்லாவரத்தில் ஏறுகிறவளுக்கு.

நான் சேலையூர், கேம்ப் ரோட்டுக்காரி. தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க்காகக் காலம் தள்ளி, இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். அவள் கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பல்லாவரத்தில் அதே லேடீஸ் பெட்டியில் ஏறுவாள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். பிறந்தது கோவளம் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கூடை சுமந்து மீன் விற்றவர். அவள் படித்து, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தவள். என்னைவிடச் சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. வாய் அப்படி.

பழக்கமானதே அந்தத் தாளால்தான். ஒரு நாள் ரயிலில் நான் அதை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகையா?" என்றாள். கச்சேரி நிரல் என்றேன். கையிலிருந்து வாங்கி, கிண்டி வரும்வரை திருப்பித் தரவே இல்லை. மறுமாதத்திலிருந்து இரண்டு தாள் எடுக்க ஆரம்பித்தேன்.

மாதத்தின் முதல் வாரம் எங்களுக்குக் கொண்டாட்டம். திரிசூலம் தாண்டுவதற்குள் தாள் மடியில் விரிந்துவிடும். அவள் பேனாவை எடுத்து, இதுக்குப் போறோம், இது வேணாம், இந்த ஆளு சரியில்ல என்று குறித்துக்கொண்டே வருவாள். பாட்டு, வீணை, புல்லாங்குழல், தெருக்கூத்து, நாடகம், நடுநடுவே யாராவது பேராசிரியரின் சொற்பொழிவு. சொற்பொழிவுகளை ஈவிரக்கம் பார்க்காமல் அடித்துவிடுவாள். ஆபீஸிலும் பேச்சு, வீட்டிலும் பேச்சு, இதற்கு வேறு ரயிலேறி வரணுமா என்பாள். தேர்ந்தெடுத்த கச்சேரிக்கு எந்தப் புடவை, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது, ராத்திரிச் சாப்பாட்டைக் காலையிலேயே செய்து வைத்துவிடலாமா, திரும்ப எந்த ரயில் என்று மாம்பலம் வருவதற்குள் எல்லாம் முடிவாகிவிடும்.

போனோமா? எங்கே போனோம்! அவள் மாமியார் படுத்த படுக்கை. வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பகலும் இரவும் மாறி மாறி வரும். எனக்குப் பிள்ளைகளின் பரீட்சை. அது இல்லாவிட்டால் சர்ச் பாடகர் குழுவின் பயிற்சி. அதுவும் இல்லாவிட்டால் திருநெல்வேலியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்கள். இருவரில் ஒருத்தி எப்படியாவது பாடுபட்டு அந்த நாளைக் காலியாக்கினால், இன்னொருத்தி காலையில் போன் செய்து இன்னிக்கு முடியாது போலிருக்கு என்பாள். தனியாகப் போகலாமே என்று கேட்கலாம். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் போகாத கச்சேரியைப் பற்றி மறுநாள் ரயிலில் நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, போனவர்கள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நேத்து இந்நேரம் ராகம் ஆரம்பிச்சிருப்பாங்க, நேத்து கூட்டம் அம்மியிருக்கும் என்று ஆரம்பித்து சண்டையில் முடியும். ஒரு வயலின்காரரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் வாசித்து ஒரு நொடி கேட்டதில்லை. தாளில் போட்டிருந்த போட்டோவில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி மூஞ்சியை வைத்திருந்தாராம், அவ்வளவுதான் குற்றம். நான் அந்த மனிதருக்காக வாதாடினேன். என் அதிகாரி ஒரு நாள் அரங்கத்தில் நடந்த ஒரு பாட்டுக் கச்சேரி எப்படி என்று கேட்டபோது, குரல் கொஞ்சம் கம்மல், ஆனால் கடைசிப் பாட்டில் தூக்கிவிட்டார் என்று கூசாமல் சொன்னேன். ஆமாம் என்று அவரும் தலையாட்டினார். அவரும் போகவில்லை போலும்.

எனக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாது. சர்ச்சில் தாழ்ந்த குரல்காரிகளின் ஆல்ட்டோ வரிசையில் நின்று, பக்கத்திலிருப்பவள் பாடுவதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவள் நான். அவளுக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நாகஸ்வரக் கச்சேரிக்குப் போக வேண்டும், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மல்லாரி கேட்க வேண்டும்.

மல்லாரி என்பது சாமி புறப்படும்போது வாசிப்பது. பாட்டு வரி எதுவும் கிடையாது, நாகஸ்வரமும் தவிலும் மட்டும்தான். மாசி மகத்துக்கு அவள் குப்பத்துக் கடற்கரைக்குச் சாமி வரும். தூரத்தில் மல்லாரி கேட்டதுமே அம்மா இவள் கையில் ஆரத்தித் தட்டைத் திணித்து ஓடு என்பாளாம். மணலில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், கற்பூரம் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றதும்தான் அவளுக்குத் தெரிந்த மல்லாரி. தன் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரமும் அப்படித்தான், யாரோ தலையைக் குனி குனி என்று அழுத்திக்கொண்டே இருந்தார்களாம். "ஒரு தபா கூட நின்னு கேட்டதில்லக்கா. அது பாட்டுக்கு வாசிச்சினு இருக்கும், நான் பாட்டுக்கு ஓடினு இருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயாடி அப்படித் திரும்பிக்கொண்டால் எனக்குத் தாங்காது.

நாகஸ்வரக் கச்சேரி அந்தத் தாளில் அபூர்வமாகத்தான் வரும். வந்தபோதெல்லாம் எதையாவது முன்னிட்டுத் தவறிப்போனது. பிறகு அவள் மாமியார் காலமானார். மகளுக்குக் கல்யாணமாகி, மருமகனுக்குப் புனேயில் வேலை. மகளுக்குக் குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போன் மேல் போன். இவள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள். ரயிலில் அதைச் சொன்னபோது நான் நல்ல முடிவு என்றேன். மடியில் விரித்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அவள் கிளம்ப வேண்டிய மாதத்துத் தாளில், ஒரு சனிக்கிழமை மாலை, நாகஸ்வரம். நான் அதை அந்த வாசலிலேயே பார்த்துவிட்டு, நட்ட நடுப் பாதையில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தேன். "இந்த வாட்டி யாருனா செத்தாகூட வருவேன்" என்றாள்.

வந்தாள். சனிக்கிழமை, இரண்டு பேருக்கும் விடுமுறை. பல்லாவரத்தில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு ஏறினாள். விடியற்காலையில் எழுந்து, புனேக்குப் போகும் மூட்டைகளைக் கட்டி, வீட்டைக் கழுவி, வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் மறுநாள் வரை தாங்குகிற மாதிரி சமைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டதை எனக்குக் காட்டினாள். அரங்கத்து வாட்ச்மேன் எங்களைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். இன்னிக்கு உள்ளயாம்மா என்றார். ஆமாம்ப்பா, உள்ளதான் என்று அவள் ராணி மாதிரி நடந்தாள்.

கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் மேடைக்கு எதிரே, தவிலுக்கு நேராக உட்கார்ந்தோம். உட்காருவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் மல்லாரி வேண்டும் என்று எழுதி, மைக் சரிசெய்துகொண்டிருந்த பையனிடம் கொடுத்தாள். நாகஸ்வரக்காரர் மேடையில் உட்கார்ந்ததும் அந்தச் சீட்டைப் படித்தார். மைக்கில், மல்லாரி கேட்டிருக்கிறார்கள், கட்டாயம் வாசிக்கிறேன், கடைசியில் நிதானமாக வாசிக்கிறேன் என்றார். அவள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதல் பாட்டு முடியும் வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாகஸ்வரத்தின் சத்தம் வயிற்றுக்குள் வந்து விழுந்தது. இரண்டாவது பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். ஏசி நன்றாக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு பெரிய ராகத்தை எடுத்து விஸ்தாரமாக வாசிக்க ஆரம்பித்தார். தவில் சும்மா இருந்தது. என் தோளில் ஏதோ கனமாக விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் தலை.

கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள், தவில் ஆரம்பித்ததும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். தவில் ஆரம்பித்தது. இடி இடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்வரிசைக் குழந்தை ஒன்று பயந்து அழுதது. இரண்டு தவில்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வெளுத்துக் கட்டினார்கள். இவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பூ நழுவி என் மடியில் விழுந்தது. அத்தனை வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போயிருக்கிறோம், பேச்சில்லாத அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே எவ்வளவு கருப்பு! பவுடருக்கு அடியில் எல்லாம் தெரிந்தது.

நாகஸ்வரக்காரர் மைக்கைப் பிடித்து, இப்போது மல்லாரி என்றார்.

எழுப்பக் கையைத் தூக்கிவிட்டேன். சத்தியமாகத் தூக்கினேன். தோளுக்கு அருகில் கொண்டுபோனேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் அழுத்தமாகச் சாய்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடாமல், அடுப்பில் எதுவும் வைக்காமல், மணி பார்க்காமல் இவள் கடைசியாகத் தூங்கியது எப்போது என்று தோன்றியது. கை அப்படியே இறங்கிவிட்டது. சீட்டு எழுதியது யார் என்று தேடிய நாகஸ்வரக்காரரின் பார்வை எங்கள் மேல் வந்தது. என் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். மல்லாரி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுப்பு, எழுப்பாதே என்று எனக்குள் நடந்த சண்டையில் நான் எங்கே அதைக் கேட்டேன்?

எல்லாம் முடிந்து கைதட்டியபோதுதான் விழித்தாள். சுற்றிலும் ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

"மல்லாரி வாசிச்சாங்களாக்கா?"

"வாசிச்சாங்க."

"ஏன் எழுப்பல?"

நீ அசந்து தூங்கினாய், மனசு வரவில்லை என்றேன். அவள் குனிந்து செருப்பைத் தேடினாள். ஸ்டேஷன்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பரங்கிமலை தாண்டும்போது, "எனுக்குத் தூக்கமா முக்கியம்? அத நீ எப்படி முடிவு பண்ண?" என்றாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பல்லாவரம் வந்ததும், வர்றேன் என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனாள். அடுத்த வாரம் புனே ரயிலுக்கு வழியனுப்பப் போனபோது கட்டிப்பிடித்துக்கொண்டாள்தான், ஆனால் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அதன்பிறகும் நான் ரயிலில் போய் வந்தேன். மாதம் பிறந்தால் பழக்க தோஷத்தில் இரண்டு தாள் எடுத்துவிடுவேன். திரிசூலம் வந்ததும் தாளை விரிப்பேன், யாரோடு பேசுவது? இது சுத்த வேஸ்ட்டுக்கா என்று சொல்ல ஆள் இல்லாமல் எல்லாக் கச்சேரியும் ஒரே மாதிரி தெரிந்தது. நான் ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர், அவ்வளவு ஆசையென்றால் டிவியில் யூடியூப் போட்டுப் பாரேன் என்றார். நாகஸ்வரம் போட்டுப் பார்த்தேன். எழுந்து போய்த் துணி மடித்தேன்.

போன வருஷம் ஒரு நாள் மதியம் புனேயிலிருந்து அழைத்தாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பேசுகிறாளாம், குரலைத் தாழ்த்தி வைத்திருந்தாள். பேரனின் சேட்டை, மருமகனின் வாயைத் திறக்காத குணம், அங்கே காய்கறிக்காரனோடு இந்தியில் அவள் போடும் சண்டை எல்லாம் சொல்லிவிட்டு, திடீரென்று, "அக்கா, அன்னிக்குத் தூங்கினேன் பாரு, அந்த மாரி அப்பறம் தூங்கவே இல்லக்கா" என்றாள். அரங்கத்து மேளச் சத்தத்தில் வந்த தூக்கம் புனேயின் இத்தனை அமைதியில் வர மாட்டேன் என்கிறதாம். மல்லாரியைப் போனில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று, அது பிரச்சினை இல்லை, ரயிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரணும் போல இருக்கிறது என்றாள்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். மாதக் கடைசியில் நாத்தனார் மகனுக்கு மடிப்பாக்கத்தில் கல்யாணம், குடும்பத்தோடு வருகிறார்களாம். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கும். அன்றைக்கு அரங்கத்தில் என்ன என்று கேட்டாள். இப்போது தாள் வாட்ஸ்அப்பிலும் வருகிறது, பார்த்தேன். கச்சேரி இல்லை, சொற்பொழிவு. தென்சென்னை ஏரிகளைப் பற்றி, படங்களுடன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பேரன் எழுந்துவிடப் போகிறான் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு. இந்த வாட்டி எழுப்பாத. மேளம்னாதான் எழுப்பணும்."

அந்த மாதம் முழுக்க நான் நடந்துகொண்டது வயசுக்கு ஏற்ற மாதிரியே இல்லை. எந்தப் புடவை என்று போனில் கேட்டாள், சொன்னேன். திரும்ப எந்த ரயில் என்று பேசினோம். ரயில் நேரமெல்லாம் மாறிவிட்டது, புதிதாகக் கேட்டு வைத்தேன். பல்லாவரத்தில் நான் பெட்டியில் இருப்பேன், அவள் வழக்கம்போல ஏறிக்கொள்ள வேண்டியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பேரனுக்குக் காய்ச்சல். மகள் போக வேண்டாம் என்றாள், டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள். அவள் போனில் அழவில்லை. வழக்கமா நடக்கிறதுதானேக்கா என்றாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

நான் போனேன். தனியாகப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. ஏரியைப் பற்றிய பேச்சுக்கு யார் வருவார்கள், அரங்கம் முக்கால்வாசி காலி. நடு வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். அத்தனை நாற்காலி காலியாக இருக்க, படம் இங்கிருந்து நேராகத் தெரியும் என்று என் பைமேலேயே அவருக்குக் கண். ஆள் வர்றாங்களாம்மா என்றார். வர்றாங்க சார் என்றேன். அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் என் பை இருந்தது.

பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குத் தண்ணீர் போனது, இப்போது நடுவில் என்னென்ன கட்டடம் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு வந்தார். சேலையூர் ஏரி வந்தது, பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து கீழ்க்கட்டளை ஏரி வந்தது. அந்தப் பக்கத்து வீடுகளும் மொட்டை மாடியில் காயும் துணிகளும்கூடத் தெரிந்தன. "ஏய், உங்க ஏரிடீ" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெரியவர் திரும்பிப் பார்த்தார். நான் பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். அதற்குப் பிறகு வந்த படங்கள் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தன.

பேச்சு முடிந்து விளக்கு போட்டார்கள். பெரியவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே, குறை சொல்கிற தொனியில்லாமல், உங்க ஆள் கடைசி வரைக்கும் வரலையேம்மா என்றார்.

"அடுத்த மாசம் வருவாங்க சார்" என்றேன்.

அடுத்த மாதம் என்ன நிகழ்ச்சி என்று ஆவலாகக் கேட்டார். அந்தத் தாளே இன்னும் அச்சாகி வரவில்லை. எதுவாக இருந்தாலும் வருவாங்க என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்த பையை எடுக்க மனசில்லாமல், அவர் போகும் வரை நின்றுகொண்டிருந்தேன்.